அசட்டம்மாவின் கடைசிப் பதிவு

“கொடுத்து வச்சவங்க நீங்க!” என்றாள் கண்ணாடிக் கடையின் வரவேற்புப் பெண். பின்னே? மனைவியின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, பெயர், வயது, தலைவலி எப்போதிலிருந்து என்று எல்லாவற்றுக்கும் தானே பதில் சொல்லி, நாற்காலி ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்துவிட்டு உட்கார வைக்கிற கணவரை அந்தப் பெண் எங்கே கண்டிருக்கப் போகிறாள்!

வாசலில் ஹார்ன் அலறியது. வழியை மறித்து நின்ற அவர் காரை எடுக்கச் சொல்லி யாரோ சண்டைக்கு வந்துவிட்டார்கள். “இங்கேயே இரு, இதோ வந்துடறேன்” என்று அவர் அரை மனதாக வெளியே போனார். அதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

கண் பரிசோதிக்கும் பெண் கனமான ஃப்ரேம் ஒன்றை அவள் மூக்கில் மாட்டி, லென்ஸ்களை ஒவ்வொன்றாகச் செருகினாள். “கம்ப்யூட்டர் நிறையப் பார்ப்பீங்களா?”

“பிளாக் எழுதறேன். எழுதினேன்னு வச்சுக்கோங்க. இன்னையோட மூடப் போறோம்.”

“அடடா, ஏன்?”

“யாருங்க படிக்கறா? எல்லாரும் சோஷியல் மீடியாவுக்கு ஓடிட்டாங்க. அங்கே நாலு வரிக்கு மேல படிக்க ஒருத்தருக்கும் பொறுமை கிடையாது. அது சாக்கடை, அந்தப் பக்கமே தலை வைக்காதேன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டார்.” இதையே அவள் வரி மாறாமல் ஒரு பதிவாகவும் போட்டிருக்கிறாள்.

பிளாக்கை ஆரம்பித்துக் கொடுத்ததே அவர்தான். செல்லமாக அவர் கூப்பிடும் ‘அசடு’தான் ‘அசட்டம்மா’ என்று அவளுக்குப் புனைபெயரானது. பாஸ்வேர்ட் வைத்திருப்பது, வருகிற கமெண்ட்டைப் படித்து அனுமதிப்பது என்று அந்த ரோதனையெல்லாம் அவர் பொறுப்பு. இவள் எழுதினால் போதும்.

எழுதியதெல்லாம் அவரைப் பற்றித்தான். தையல்கடையில் அவள் அளவு கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் விடாமல் போன் அடித்து, கடைசியில் தையல்காரருக்கு வேர்த்துக் கொட்டியது ஒரு கதை. படித்துவிட்டு, “நான்தான்டி உன் ஹீரோ” என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்.

முதலில் கமெண்ட்டுகள் வரத்தான் செய்தன. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். பூட்டுக் கதை போட்டாள், அதோடு சரி. அதற்குப் பிறகு ஈ, காக்கா கிடையாது.

“அவ்வளவு மொக்கை அது. உனக்குச் சரக்கு தீர்ந்துபோச்சு அசடு, மூடிடலாம்” என்றார் அவர். அவளும் சரியென்றுவிட்டாள். நாலு பேரைச் சிரிக்க வைக்க வக்கில்லாதவள் எதற்கு எழுத வேண்டும்?

“அது என்னங்க பூட்டுக் கதை?” என்று கேட்டாள் பரிசோதிக்கும் பெண், அடுத்த லென்ஸைத் துடைத்தபடி.

கேட்க ஓர் ஆள் கிடைத்ததும் அவளுக்குப் பழைய குஷி வந்துவிட்டது. “எனக்கு மறதி ஜாஸ்தி. அடுப்பை அணைக்காம எங்கேயாவது கிளம்பிடுவேனாம். அதனால ஆபீஸ் போகும்போது வெளியே பூட்டிட்டுப் போயிடுவார். ஒருநாள் சாவியை ஆபீஸ்லயே விட்டுட்டு வந்துட்டார். வாசல்ல நின்னுக்கிட்டு, ‘கதவைத் திறடீ’ன்னு என்னைப் பார்த்துக் கத்தறார்! நான் ஜன்னல் வழியா, ‘ஐயா, மறதி யாருக்கு?’ன்னு கேட்டேன் பாருங்க...”

லென்ஸ் துடைத்த கை நின்றது. “அசட்டம்மா! நீங்களா?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நீங்க... படிச்சிருக்கீங்களா?”

“நான் மட்டுமா? நீங்க சொன்ன சாக்கடையில உங்களுக்குன்னே ஒரு குரூப் இருக்குங்க! அத்தனை பேரும் அந்தக் கதைக்கு கமெண்ட் போட்டோம். இன்னும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். ஒண்ணுகூட வெளியே வரலை. உங்க கண்ணுலயே படலையா?”

எங்கே பட? எல்லாம் அவர் கைக்கல்லவா போய்ச் சேர்ந்திருக்கிறது! தினம் சாயங்காலம், “இன்னைக்கு ஏதாவது வந்துச்சா?” என்று பிச்சைக்காரி மாதிரி கேட்பாளே. “ஒண்ணும் இல்லைடி அசடு” என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவாரே, பாவி மனுஷன்! அந்தத் தட்டலை அன்பு என்று நம்பினாளே.

நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார். கட்டின பெண்டாட்டியை நாலு பேர் மெச்சினால் பொறுக்கவில்லை. பச்சைப் பொறாமை, வேறென்ன? லென்ஸுக்குப் பின்னால் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்து, சுவரிலிருந்த எழுத்தெல்லாம் கலங்கிப்போயின.

வெளியே அவர் குரல் கேட்டது. “எங்கே அவ? என்னைக் கேட்காம யாரு உள்ளே அனுப்பினது?”

அவள் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த ஒன்றை மட்டுமாவது தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. “எனக்குக் கைதட்டல் கிடைச்சா அவருக்கு என்னங்க குறைஞ்சுடும்? நீங்க சொல்லுங்க, அந்தக் கதையில எந்த இடத்துக்கு எல்லாரும் ரொம்பச் சிரிச்சீங்க?”

பரிசோதிக்கும் பெண் எழுந்து போய் அறைக்கதவை உள்பக்கம் தாழிட்டாள். திரும்பி வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“நாங்க யாருமே சிரிக்கலைம்மா. ‘அட்ரஸ் சொல்லுங்க, வந்து கூட்டிட்டுப் போயிடறோம்’னுதான் எல்லாரும் எழுதினோம்.”