திட்டிவாசல்

பாண் கூடை என்னிடமும் வந்தது.

உமியும் மரத்தூளும் கலந்து சுட்ட கறுத்த பாண் ரொட்டி. முற்றுகைக் காலத்தில் இந்த ஊர்ச்சனம் இதைத்தான் தின்றதாம். இப்போது வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு துண்டு கொடுக்கிறார்கள். தின்பதற்கில்லை, எறிவதற்கு.

கூடையை நீட்டியவள் என் மகள் தேனுஜா. டுசல்டோர்ஃபிலிருந்து ஒரு மணித்தியாலம் தள்ளி, மதில் சூழ்ந்த இந்தச் சின்ன ஊரில் கோடை விடுமுறைக்கு வழிகாட்டி வேலை. தலையில் வெள்ளைத் துணி, நிலம்வரை பாவாடை. ஒருதரமாவது வந்து பாருங்கோ என்று கெஞ்சியதால் வந்தேன்.

முற்றுகைக் கதையை ஜெர்மனில் நன்றாகத்தான் சொன்னாள்.

பத்தடி தடிப்பில் மதில். உள்ளேயே கிணறு. பதினொரு மாதத்துக்குத் தானியம். ஏணி வைத்து ஏறியவர்களின் தலையில் கொதிக்கக் கொதிக்கச் சுண்ணாம்பு. தானியம் முடிய, குதிரையைத் தின்றார்கள். பிறகு பூனை. பிறகு செருப்புத் தோல்.

பூனை என்றதும் ஒரு தொப்பைக்காரர் 'மியாவ்' என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

அப்படியும் ஊர் விழவில்லையாம். விழுத்தியது ஒரு பெண்ணாம். பெரிய வாசலுக்குப் பக்கத்தில், ஆள் குனிந்து போகிற திட்டிவாசலால் விடியப்புறம் வெளியே போனாளாம். எதிரி கொடுத்த ஒரு பாணுக்காக, தான் வந்த வழியைக் காட்டினாளாம்.

வாசலுக்கு மேலே அவளுடைய கல்முகம். எறிந்து எறிந்து மூக்கே இல்லை. கீழே பூஞ்சணம் பிடித்த பாண் குவியல், புறாவும் தொடாமல் நாறிக் கிடந்தது.

அவளுக்குக் கைக்குழந்தை இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

தொப்பைக்காரர் குறிபார்த்து எறிந்தார். நெற்றியில் பட்டது. கைதட்டினார்கள். ஒவ்வொருவராக எறிந்து முடிய, நான் மட்டும் மிஞ்சினேன்.

"அம்மா, நீங்களும் எறியுங்கோ. எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்."

பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது. அவளுக்காகவாவது எறிந்திருக்கலாம். கையை ஓங்கினேன். முடியவில்லை. பாணை வாயில் போட்டு மென்றேன்.

"சீ! அது சாப்பிடுற சாமான் இல்லை அம்மா."

மரத்தூள் தொண்டையை அடைத்தது. என்னை நினைக்க எனக்கே அருவருத்தது. பதினேழு வருடமாக அருவருக்கிறது.

அன்றும் விடியப்புறம்தான். வன்னியில் கடைசிச் சண்டை நடக்க, கழுத்தளவு தண்ணீரைக் கடந்து கரையேறினேன். ஆமிக்காரன் ஒரு துண்டு பாண் தந்தான். எந்தப் பக்கத்தால் வந்தாய் என்று கேட்டான்.

கையை நீட்டிக் காட்டினேன். அந்தப் பக்கம்தான் என் தம்பி இயக்கத்துக்காகக் காவல் நின்றான்.

பாணைத் தண்ணீரில் நனைத்து, முதல் வாய் எட்டு மாதத் தேனுஜாவுக்குத்தான் ஊட்டினேன்.