முகம் பார்த்தல்

"கபன் துணி சுத்தினதுக்குப் பொறகு எண்ட முகத்த ஆருக்கும் காட்டப்படா மகள்," என்றாள் நபீஸா.

இறால் உரித்துக்கொண்டிருந்த றஸீனாவின் கை நின்றது.

அதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஈரலில் கட்டி, இனி வெட்டியும் பயனில்லை என்று டொக்டர் சொல்லிப் பதினொரு நாள். அஸர் தொழுதுவிட்டு வந்து, வாவியைப் பார்த்த அந்தக் குசினி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, தன் மௌத்துக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று நபீஸா சொல்லத் தொடங்கினாள்.

ஆஸ்பத்திரியில் தன்னைச் சாகவிடக் கூடாது. கட்டாரில் இருக்கும் தன் தம்பி வரும்வரைக்கும் ஜனாஸாவை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. நாற்பதாம் நாள் சாப்பாடு வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் றஸீனா "சரி உம்மா" என்றாள். ஒரே பிள்ளை. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். அழாமல் கேட்டாள்.

இதற்கு மட்டும் அவள் சரி சொல்லவில்லை.

"எனக்குமா?"

"உங்களுக்குந்தான். குளிப்பாட்டவும் நீங்க வரவேணாம்."

றஸீனா எழுந்து கையைக் கழுவினாள். ஈரக் கையோடு அப்படியே நின்றாள்.

"வாப்பாட முகத்தையும் நான் பாக்கல்ல. உங்கட முகத்தையும் பாக்கப்படாதெண்டா, நான் என்ன பாவம் செஞ்ச, உம்மா?"

நபீஸா வாவிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவளுடைய கணவர் ஆதம்லெப்பை நாற்பது வருடம் இந்த வாவியில் வலை வீசினவர். இருதய ஒப்பரேசனுக்கென்று கொழும்புக்குக் கொண்டுபோன இடத்தில் கொரோனா என்றார்கள். இரண்டாயிரத்து இருபத்தொன்று, தை மாதம். கூட நின்றது நபீஸா மட்டும். றஸீனா ஊரில் அகப்பட்டுக்கொண்டாள்.

கொரோனாவில் மௌத்தானால், முஸ்லிமென்றாலும் எரிக்கத்தான் வேண்டும் என்பது அப்போதைய சட்டம்.

எரித்தார்கள். குளிப்பாட்டவில்லை. கபனிடவில்லை. தொழுவிக்கவில்லை.

அவரை எரித்த ஏழாவது கிழமை சட்டத்தை மாற்றி, இனி அடக்கலாம் என்றார்கள். அதற்கென்று இடம் ஒதுக்கியது ஓட்டமாவடியில். ஏறாவூரில் இருக்கும் இவர்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம். கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்து ஜனாஸாக்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் போயின. பிரதான வீதியில் அம்புலன்ஸ் போகும் சத்தம் குசினி வரைக்கும் கேட்கும். கேட்கும்போதெல்லாம் நபீஸா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிடுவாள்.

சட்டம் மாறுவதற்கு முந்தின நாட்களில், எதிர்ப்புக்கென்று றஸீனா வேலியில் வெள்ளைத் துணி கட்டினாள். வீதியில் இறங்கி நின்றாள். யாரோ நீட்டிய போனைப் பார்த்து, எரிக்கச் சம்மதமென்று எங்கட உம்மா கையெழுத்து வெக்கல்ல, கடைசி மட்டும் வெக்கல்ல என்று சொன்னாள். நபீஸா அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தாள். அந்தப் பேச்சு ஊரெல்லாம் ஓடியது. இன்றைக்கும் கலியாண வீடுகளில் முன்பின் தெரியாத பெண்கள் வந்து நபீஸாவின் கையைப் பிடித்துக் கொஞ்சுவார்கள். அவள் கையை இழுத்துக்கொள்ள வழி தெரியாமல் நிற்பாள்.

மௌத்தானவரின் முகத்தில் அவர் செய்த வேலை தெரியும் என்று அதே பெண்கள்தான் பேசிக்கொள்வார்கள். நல்லவர்களின் முகம் வெளிச்சமாக இருக்குமாம். மற்றவர்களின் முகம் கறுத்துப்போகுமாம்.

றஸீனா வந்து தாயின் காலடியில் குந்தினாள். இப்போது அழுதுகொண்டிருந்தாள்.

"உங்களுக்காவது வாப்பாட முகத்தக் காட்டியிருந்தா, எப்பிடி இருந்தாரெண்டு உங்களிட்டக் கேட்டாவது மனச ஆத்தியிருப்பன். அதுக்கும் வழியில்லாமப் போயிட்டே."

நபீஸா மகளின் தலையில் கை வைத்தாள். சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தொண்டை வரைக்கும் வந்தது.

"எனக்கும் காட்டல்லயே மகள்," என்றாள். "சரி, அழவேணாம். நீங்களே குளிப்பாட்டுங்க. நீங்களே பாருங்க."

றஸீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கையை எடுத்து முத்தமிட்டாள்.

காட்டினார்கள்.

கொழும்பு ஆஸ்பத்திரியில் அவளிடம் நீட்டியது சிங்களத்தில் அச்சடித்த தாள். ஒப்பம் வைத்தால் ஒரு நிமிடம் முகம் பார்க்கலாம் என்று, அங்கே நின்றவன் தெரிந்த தமிழில் சொன்னான். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று நபீஸா கேட்கவில்லை. தெரியும். ஒப்பம் வைக்காவிட்டாலும் எரிப்பார்கள் என்பதும் தெரியும். மறுத்தவர்களின் ஜனாஸாக்களையும் எரித்தார்கள்தானே. அதைச் சொல்லித்தான் இத்தனை வருடமாக மனதைத் தேற்றிப் பார்க்கிறாள். தேறவில்லை.

பொலித்தீன் பையின் ஸிப்பைக் கழுத்து வரைக்கும் இறக்கினார்கள்.

அவருடைய கண்கள் சரியாக மூடியிருக்கவில்லை.

பேனை இன்னும் அவள் கையில் இருந்தது.