சிரிக்கும் முதலை

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்து மாப்பிள்ளை இளித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே அவருடைய மனைவிக்கு இதயத்தில் வால்வு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. எதிர்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தார். இவரோ முப்பத்திரண்டு பல்லும் தெரிய, வாயைக் காதுவரைக்கும் இழுத்து வைத்துக்கொண்டு, மடியில் அட்டை வைத்துப் படம் போட்டுக்கொண்டிருந்தார்.

முதலை. அதுவும் சிரிக்கிற முதலை.

பக்கத்தில் இருந்த மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே கிடப்பது அவருடைய ஒரே மகள்.

மாப்பிள்ளையின் இந்த வியாதி குடும்பம் முழுக்கத் தெரிந்ததுதான். எந்த முகத்தை வரைகிறாரோ அந்த முகம் அவருக்கும் வந்துவிடும். வாரப் பத்திரிகையில் காமிக்ஸ் போட்ட காலத்தில், வில்லன் வருகிற வாரமெல்லாம் பேருந்தில் அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். பிறகு குழந்தைகள் புத்தகத்துக்கு வந்தார். அழுமூஞ்சி யானைக்குட்டி, கோபக்காரக் கத்திரிக்காய் என்று சாப்பாட்டு மேஜையில் தினம் ஒரு முகம்.

கல்யாணம் நடந்ததே அந்த வியாதியால்தான். நூலகத்தில் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணை உருகி உருகிப் பார்த்தார். அவளும் மயங்கிப்போனாள். அவர் அப்போது வரைந்துகொண்டிருந்தது காதலில் விழுந்த தவளையை என்பது கல்யாணத் தேதி குறித்த பிறகுதான் தெரிய வந்தது.

தவளையைக்கூட மாமியார் மன்னித்துவிட்டார். ஆனால் இன்றைக்குமா?

“என்ன மாப்ள இது? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?”

“நாளைக்கு அச்சுக்குப் போகணும் அத்தை. இந்த ஒரு படந்தான் பாக்கி,” என்றார், பல்லை உள்ளே இழுக்காமலே.

மாமியார் எழுந்து இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார். கல்நெஞ்சக்காரன். மகள் கண் விழித்ததும் முதல் வேலையாக இதைச் சொல்லிவிட வேண்டும்.

கண் விழித்ததும், என்று நினைத்தபோதே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மாப்பிள்ளை படத்தை முடித்தார். தாளைத் திருப்பினார். மூச்சுகூட விடாமல் அடுத்ததைத் தொடங்கினார்.

மறுபடியும் முதலை.

மருந்துத் தட்டோடு போன நர்ஸ் ஒருத்தி அவரைத் தாண்டினாள், நின்றாள், திரும்பி வந்து எட்டிப் பார்த்தாள்.

“சார், இது பல்லு தேய்க்காத முதலைதானே? எங்க வீட்ல இந்த புக்கு கிழிஞ்சே போச்சு. தெனம் இதப் படிச்சாத்தான் எம்பொண்ணு தூங்குவா!”

பென்சில் நின்றது.

நின்ற கணத்தில் அந்தச் சிரிப்பும் கழன்று விழுந்தது. அதற்கு அடியில் இருந்ததை மாமியார் பார்த்துவிட்டார். உதடு கோணி, மோவாய் வெடவெடவென்று ஆடி, கடைத்தெருவில் அம்மாவின் கையைத் தவறவிட்ட பிள்ளையின் முகம்.

மாப்பிள்ளை அவசர அவசரமாகப் பென்சிலைத் தாளில் ஊன்றினார். முதலைக்கு இன்னொரு பல் முளைத்தது. பிறகு இன்னொன்று. சிரிப்பு ஒவ்வொரு பல்லாகத் திரும்பி வந்தது.

நர்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மாமியார் எழுந்து மறுபடியும் அவர் பக்கத்து நாற்காலிக்கு வந்தார். கையை நீட்டினார்.

“எனக்கும் ஒரு பென்சில் குடுங்க மாப்ள.”

மாமியார் போட்டது முதலை மாதிரியே இல்லை. பல் கட்டிய பழைய செருப்பு மாதிரி இருந்தது. மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, “வாய இன்னும் நல்லா விரிங்க அத்தை,” என்றார். மாமியார் இரண்டு வாயையும் விரித்தார்.

சிவப்பு விளக்கு அணைந்தது. முகமூடியை இறக்கிக்கொண்டே வெளியே வந்த டாக்டர், அடுத்தடுத்த நாற்காலியில் இரண்டு பேர் காதுவரைக்கும் இளித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அப்படியே நின்றார்.

“ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சுன்னு அதுக்குள்ள யாருங்க உங்களுக்குச் சொன்னா?”