நாய்க்குத் தெரியாத விரதம்

சிலுவைப்பாதை முடிந்து வீடு திரும்பிய சவுரியப்பன், வாசலில் கழுத்து கிழிந்து கிடந்த ஆட்டுக்குட்டியைப் பார்த்து அலறினார். பக்கத்தில், அவர் வளர்த்த நாய் வாயெல்லாம் ரத்தமாக வாலாட்டிக்கொண்டு நின்றது.

"பெரிய வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஒரு உயிரைக் கொன்னிருக்கியே, நீ வெளங்குவியா?"

விறகுக் கட்டையை எடுத்தார். நான்காவது அடியில் நாயின் மூச்சு அடங்கிப்போனது.

"ஆறு வருசமா வூட்டைக் காத்த நாயிங்க" என்றாள் மனைவி மதலேனம்மாள்.

"அதுக்காக? பல்லுகூடப் போடாத குட்டி, புள்ள! கடிக்க எப்படித்தான் மனசு வந்துச்சோ? அகத்தித் தழையா ஒடிச்சுப் போட்டு வளத்தேனே!" துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தாய் ஆடு ஓயாமல் கத்தியது. அதன் அருகில் போய் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொடுத்தார்.

"அழுவாத தாயி. பெத்த வயிறு, எரியத்தான் செய்யும்."

மதலேனம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஏங்க, உங்க தங்கச்சி குடும்பத்தோட நாளைக்குப் பொம்மிடி டேசன்ல வந்து எறங்குறேன்னு கடுதாசி போட்டிருக்கா. ஈஸ்டருக்கு அறுக்கத்தானே அந்தக் குட்டிய வளத்தோம்? இப்பக் கொழம்புக்கு என்ன பண்றது?"

சவுரியப்பனின் கை, தாய் ஆட்டின் நெற்றியிலிருந்து மெல்ல இறங்கித் தொடைச் சதையை அழுத்திப் பார்த்தது.

"இதையே அறுத்துக்கலாம். ஆனா இன்னிக்கு வேண்டாம் புள்ள. இன்னிக்குப் போயி உயிரைக் கொன்னா பாவம்."