ஷாலினியின் சம்பளம்

"பதினஞ்சாயிரம் வாங்குறாண்ணே. மதியச் சாப்பாடும் அவுங்களே குடுத்துடுறாங்க" என்றாள் சவரிமேரி.

கொல்லைப்பக்கம் முகம் கழுவிக்கொண்டிருந்த மேரி ஷாலினி அப்படியே நின்றுவிட்டாள்.

வாசல் நாற்காலியில் அடுத்த தெருப் பொன்னுரங்கம் உட்கார்ந்திருந்தார். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். மகளைக் கூட்டிக்கொண்டு கடலூருக்குக் குடிவந்து ரெண்டு மாசம்தான் ஆகிறது.

"இங்க மஞ்சக்குப்பத்துல உம் பொண்ணு படிச்ச அதே மெடிக்கல் அசிஸ்டென்ட் கோர்ஸ்ல எம் பொண்ணையும் சேக்கலாம்னு பாக்குறேன் தங்கச்சி. அறுபதாயிரம் கேக்குறாங்க. ஆலையில குடுத்த பணத்துல கைல மிச்சம் இருக்கறதே அவ்ளோதான். அதான் ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு வந்தேன்."

"யோசிக்காம சேத்துடுங்கண்ணே. ஒரே வருசம். வேலைக்குப் போன நாலு மாசத்துல போட்ட பணத்த எடுத்துடலாம்."

பொன்னுரங்கம் தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

ஷாலினி துண்டோடு வெளியே வந்தாள்.

"ஏம்மா அப்பிடிச் சொன்ன?"

"எப்பிடிச் சொன்னேன்?"

"நான் வாங்குறது ஏழாயிரத்தி ஐந்நூறு. சிதம்பரம் போய்வர பஸ்ஸுக்கே ரெண்டாயிரம் போயிடுது. மதியத்துக்கு நீ கட்டிக் குடுக்குற தயிர்சாதம். இதுல எங்கருந்து வந்துச்சு பதினஞ்சாயிரம்?"

சவரிமேரி மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அறுபதாயிரத்தக் கொட்டி இதுக்குத்தான் படிக்க வெச்சியான்னு சிரிப்பாங்கடி. நாளைக்கு உன்னப் பாக்க வர்றவங்களும் இந்த அக்கம்பக்கத்துலதான் விசாரிப்பாங்க."

"அதுக்கு அந்தப் பெரியவரு பணம் போவணுமா?"

"அவரு பணம், அவரு பொண்ணு. நமக்கென்ன? வா, வந்து சாப்புடு."

ஷாலினிக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. காலிரண்டும் கடுத்தன. காலையிலிருந்து கிளினிக்கில் உட்காரவே இல்லை. டோக்கன் கொடுப்பது, பிரஷர் பார்ப்பது, கட்டுப் பிரிப்பது, கூட்டுகிற அம்மா வராத நாளில் தரை துடைப்பது வரை எல்லாம் அவள்தான். அவள் சேரும்போது கோர்ஸ்காரர்கள் சொன்னதும் இதே பதினஞ்சாயிரம்தான். அன்றைக்கு யாராவது ஒருத்தர் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று பஸ்ஸில் நின்றுகொண்டு எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் அடுத்த தெருவுக்குத் திரும்பினாள்.

பொன்னுரங்கம் வாசலில் துவைத்த துணிகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் பெண்பிள்ளைத் துணி. பொண்ணை உட்கார வைத்துவிட்டு அப்பா துவைக்கிறாரே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"மாமா, அன்னிக்கு அம்மா சொன்னது நெசம் இல்ல."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு ஏழாயிரத்தி ஐந்நூறுதான் குடுக்குறாங்க. என்கூடப் படிச்சவங்கள்ல பாதிப் பேரு இப்ப ஜவுளிக்கடையில நிக்கிறாங்க. அங்க எங்களவிட ஜாஸ்தி குடுக்குறாங்க. நர்ஸுன்னு யாரும் எங்களச் சேத்துக்க மாட்டாங்க. ஒரு நாள் லீவு போட்டா சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க. அறுபதாயிரத்த அதுல போட்டுடாதீங்க."

அம்மாவைக் காட்டிக்கொடுத்தது அவளுக்கு என்னவோ போலிருந்தது. அவர் கோபித்துக்கொள்வார் என்று நின்றாள்.

"தெரியும்மா" என்றார் பொன்னுரங்கம்.

"தெரியுமா?"

"போன வாரமே சிதம்பரத்துல நாலு எடத்துல விசாரிச்சுட்டேன். ஏழு, எட்டுன்னுதான் சொன்னாங்க."

"அப்ப அம்மாகிட்ட வந்து எதுக்குக் கேட்டீங்க?"

"யாராவது நல்லபடியா ஒரு வார்த்த சொன்னா, பணத்தக் கட்ட எனக்கும் தைரியம் வரும்ல? அதுக்குத்தான் வந்தேன். உங்கம்மா சொன்னாங்க. அது போதும் எனக்கு."

ஷாலினிக்குச் சுருக்கென்றது. எல்லாம் தெரிந்திருந்தும் மகளை இந்த அலைச்சலில் தள்ளப் பார்க்கிறாரே.

"ஏழாயிரம் வந்தாலும் வரட்டும்னு பாக்குறீங்களா மாமா? கால் வீங்கிப்போவுது. அந்தக் காசுக்கு ஒரு பொண்ண எதுக்கு வதைக்கணும்?"

அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சாத்தியிருந்த கதவை ஒரு தரம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அவ புருசன் சேத்தியாத்தோப்பு ரோட்டுல வண்டி மோதிச் செத்துப்போனான்மா. ஒன்றர வருசம் ஆவுது. அதுலேருந்து தட்டுல போட்டா சாப்புடுவா, படுன்னா படுப்பா. பேச்சே கெடையாது. எடம் மாறுனா தெளிவாளோன்னுதான் இங்க கூட்டியாந்தேன்."

ஷாலினி கொடியில் கிடந்த துணிகளைப் பார்த்தாள்.

"போன மாசம் ஜன்னல்கிட்ட நின்னுகிட்டிருந்தா. நீ யூனிஃபார்ம் போட்டுகிட்டு பஸ்ஸுக்கு ஓடுன. உன்னையே பாத்துட்டு, 'அந்தப் பொண்ணு என்ன படிச்சிருக்குப்பா'ன்னா. இத்தன நாள்ல அவளா வாயத் தொறந்து கேட்டது அது ஒண்ணுதாம்மா. எனக்குச் சரியாச் சொல்லத் தெரியல."

ஷாலினி செருப்பைக் கழற்றினாள்.

"கதவத் தொறங்க மாமா. அக்காவுக்கு நானே சொல்றேன்."