லிஃப்ட் முள்

செல் சவ்வில் இருக்கும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பைத்தான் நானும் என் மனைவியும் ஆராய்கிறோம். அவள் தரைத்தளத்தில் அதைக் காந்தத்துக்குள் வைத்து அளப்பாள். நான் நான்காம் மாடியில் கணினியில் கணக்கிடுவேன். மதியச் சாப்பாட்டின்போது இருவரின் வரைபடக் கோடுகளையும் ஒப்பிடுவோம்.

இரும்பு லிஃப்ட் காந்த அறையை ஒட்டி இறங்குவதால், நான் கீழே சாப்பிட வரும்போது அவள் கோட்டில் முள்போல ஒரு கூர்முனை விழும்.

லிஃப்ட் பழுதான வாரம் படியில் இறங்கினேன். அவள் கோடு சுத்தமாக இருந்தது. முள் என் கோட்டில் இருந்தது. என் கணக்கில் நூற்று இருபத்தெட்டு மூலக்கூறுகளும் தண்ணீரும்தான் உண்டு, லிஃப்ட் கிடையாது. ஐந்து நாளும் சாப்பாட்டு வேளையில் அதே முள். அதை வைத்துக்கொண்டு ஆய்வுக் கட்டுரையை அனுப்ப முடியாது.

"உள்ள யாரோ நேரம் தவறாம சாப்பிடப் போறார். உங்களுக்கு அவர் எவ்வளவோ தேவலை," என்றாள்.

திங்கட்கிழமை லிஃப்ட் சரியானது. என் கோட்டிலும் முள் இல்லை. கட்டுரையை அனுப்பிவிடலாம் என்ற நிம்மதியோடு லிஃப்டில் தனியாக இறங்கினேன்.

அவள் கோட்டில் ஒட்டினாற்போல் இரண்டு முட்கள் இருந்தன.

கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டப்பாவைத் திறந்து வைத்து, பெஞ்சில் என் பக்கமாக நகர்ந்து, மறுபுறம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"சாப்பாடு நிறையவே இருக்கு," என்றாள், என்னைப் பார்த்து அல்ல.