இசைத்தட்டு விசாரணை

"கல்யாணம் அந்தம்மாவோட சொந்த விஷயம். அதைப் பத்தி இங்க யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பாட்டைக் கேட்போம். பாட்டை வச்சே முடிவு பண்ணுவோம்!"

மேஜையைத் தட்டிச் சொன்னாள் சண்முகவள்ளி. திண்டுக்கல் மலர்விழி மாதர் மன்றத்தின் தலைவி. இன்றைய கூட்டமும் அவள் வீட்டுக் கூடத்தில்தான்.

பங்குனியில் நடக்கும் ஆண்டு விழாவுக்குப் பாட, பாடகி தேவகுஞ்சரியை ஆடி மாதமே அழைத்தாயிற்று. பத்து வருஷமாய் விதவையாக இருந்த அந்தம்மாள் ஆவணியில் மறுமணம் செய்துகொண்டாள். பேப்பரில் படம் வந்த நாளிலிருந்து மன்றத்துப் பெண்களுக்குச் சோறு இறங்கவில்லை. வெளியூர்ச் சபாக்கள் இரண்டு கச்சேரியை ரத்து செய்தும்விட்டன. நாமும் செய்வோம் என்று ஒரே நச்சரிப்பு.

சண்முகவள்ளி அசையவில்லை. தேவகுஞ்சரி பாடிய தட்டுகளை ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருப்பவள் அவள். ஊர் வம்புக்காக ஒரு பாடகியின் பிழைப்பில் மண்ணைப் போடுவதா? புதுத் தட்டு நேற்றுத்தான் ஊருக்கு வந்திருக்கிறது. ரிக்கார்டுக் கடை நூர் முகமது காலையிலேயே வந்து, "கேட்டுப் பாருங்கம்மா, சாயங்காலம் வாரேன்" என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

கிராமபோனுக்குச் சாவி கொடுத்து, ஊசியை இறக்கினாள். முருகன் பாட்டு.

முதல் வரியிலேயே வீரலட்சுமி உதட்டைப் பிதுக்கினாள். "என்னக்கா இது, குரல் கரகரங்குது?"

"உஷ்!"

"முன்னாடியெல்லாம் முருகான்னு கூப்பிட்டா நமக்குக் கண்ணுல தண்ணி வரும். இப்ப யாரையோ காப்பி குடிக்கக் கூப்பிடுற மாதிரியில்ல இருக்கு!"

கூடமே குலுங்கிச் சிரித்தது. பக்ருன்னிசா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள், பாட்டு முடிந்ததும், "அதே குரல்தான். நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"உங்கள்ல மறு கல்யாணம் சகஜம். உனக்கு நல்லாத்தான் இருக்கும்."

"நான் காதால கேட்டேன், வீரலட்சுமி."

சண்முகவள்ளி மறுபடி போட்டாள். மூன்றாவது தடவையும் போட்டாள். நியாயமாக இருக்க வேண்டுமே!

அந்த மூன்றாவது தடவையில் அவளுக்கும் பிடிபட்டது. நிதானமாக இழுக்க வேண்டிய இடத்தில் ஓர் அவசரம். உருக வேண்டிய இடத்தில் ஒரு மினுக்கு. பத்து வருஷம் வெள்ளைப் புடவையில் பாடிய குரலா இது? எங்கே போயிற்று அந்தப் பக்தி?

சேர்த்து வைத்திருந்த பழைய தட்டுகளை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அதற்காக நியாயத்தை விட முடியுமா?

"தந்தி அடிச்சிரு, வீரலட்சுமி. கச்சேரி வேண்டாம்னு. நிலக்கோட்டையில சொல்லி வச்ச மாலையையும் வேண்டாம்னுரு. எல்லாரும் கேட்டுக்கங்க, கல்யாணத்துக்காக இல்ல. குரலுக்காக!"

"நான் ஒத்துக்கலைன்னு நோட்டுல எழுதிக்கங்கக்கா" என்று பக்ருன்னிசா எழுந்து போனாள்.

வீரலட்சுமி தந்தி ஆபீசுக்குப் பறந்தாள். அரை மணியில் ரசீதோடு திரும்பியும் விட்டாள்.

சாயங்காலம் சொன்னபடி நூர் முகமது வந்தார். "தட்டு எப்படிம்மா? எப்பவும் போல எடுத்துக்கிறீங்கதானே?"

"வேண்டாம் பாய், கொண்டு போயிருங்க. கல்யாணத்துக்கு அப்புறம் அந்தம்மா குரலே போச்சு."

அவர் விழித்தார்.

"கல்யாணத்துக்கு அப்புறமா? இது ரெண்டு வருசத்துக்கு முந்தியே பாடிக் குடுத்ததும்மா. கம்பெனிக்காரங்க ஏதோ தகராறுல போட்டு வச்சிருந்து, இப்பத்தான் வெளிய விட்டிருக்காங்க. கல்யாணத்துக்கு அப்புறம் பாடுனது சித்திரையிலதான் வருதாம். வந்ததும் கொண்டாரட்டுமா?"